மறுக்கும் சொல்லிலும் அன்பு

(ஆலய மண்டபத்தில் பெற்றோர்களுக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாலுக்கு அழுத பாலகனுக்குப் பாற்கடலையே ஈந்தவன் சிவபெருமான் என்பதைச் சைவ அன்பர்கள் அறிவர். பஞ்சபுராணம் ஓதும்போது பாடப்பெறும் திருப்பல்லாண்டிலும் சேந்தனார் இதனைப் போற்றியுள்ளார். அந்தப் பாலகன் உபமன்யு. பாற்கடல் கிடைப்பதற்கு முன்னர், பெற்ற தாய் அவனிடம் "இல்லை" என்று சொல்ல நேர்ந்த கட்டம் ஒன்று உண்டு. அதனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மகாபாரதத்தின் அநுசாசன பருவம் அக்கட்டத்தைக் கூறுகிறது. தந்தையுடன் வேள்விக்குச் சென்றபோது பசும்பாலைச் சுவைத்திருந்த சிறுவன், தாயிடம் பால் கேட்கிறான். குடிலில் பால் இல்லை. தாய் மாவை நீரில் கரைத்துப் பால் என்று கொடுக்கிறாள். உண்மைப் பாலின் சுவையறிந்த பிள்ளை, "இது பாலன்று" என்று சொல்லிவிடுகிறான். அதன் பின்னரே அவள் பிள்ளையை அணைத்து உச்சி மோந்து, காட்டில் வாழும் தவத்தோர்க்குப் பால் ஏது என்று மெய்யை உரைக்கிறாள். சிவபெருமானை நாடுமாறு வழியும் காட்டுகிறாள். பொய் பிள்ளையிடம் செல்லவில்லை. அணைப்போடு சொன்ன உண்மையை அவன் ஏற்றுக்கொண்டான்.

இனி, பத்துமலைத் தைப்பூசத்தை எண்ணிப் பாருங்கள். 272 படிகளையும் ஏறி இறங்கிய நான்கு வயதுக் குழந்தை, கடை வரிசையில் பொம்மைக் காரைக் கண்டு, அது வேண்டும் என்று தரையில் புரண்டு அழுகிறது. களைத்துப்போன பெற்றோர் என்ன சொல்கின்றனர்? "போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார்" என்பர். "நாளைக்கு வாங்கித் தருகிறேன்" என்பர். "அழுதால் சாமி கண்ணைக் குத்தும்" என்பர். இம்மூன்றும் மாவு கரைத்த நீரே. பிள்ளைகள் விரைவிலேயே சுவை கண்டுகொள்வர்.

இவற்றுள் மூன்றாவதே பெருந்தீங்கு. முருகப் பெருமான் அபயக்கரம் காட்டி நிற்கும் சந்நிதிக்குக் குழந்தையை அழைத்து வந்துவிட்டு, அவனையே பூச்சாண்டியாக்குவது முறையாகுமா? கண்ணைக் குத்தும் சாமியிடம் எந்தக் குழந்தை மனம்விட்டுப் பேசும்? பெற்றோர் மறுக்க வேண்டியதைப் பெற்றோரே மறுக்க வேண்டும். இறைவன் பெயரால் மறுத்தல் ஆகாது.

அவ்வாறாயின் எப்படி மறுப்பது? முதலில், குழந்தையின் விருப்பத்தை மதித்தல் வேண்டும். அருகில் குனிந்து, "அந்தச் சிவப்புக் கார் உனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, இல்லையா கண்ணா?" என்று கேட்டாலே பாதி அழுகை அடங்கிவிடக் கூடும். அடுத்து, மறுப்பையும் காரணத்தையும் ஒரே வரியில் சொல்லலாம்: "இன்று பொம்மை வாங்கப் போவதில்லை, சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் மட்டுமே பணம் கொண்டு வந்திருக்கிறோம்." நீண்ட விளக்கம் சிறு பிள்ளைக்கு எட்டாது. பின்னர், இயன்ற ஒன்றைக் காட்டலாம்: "பலூன் வேண்டுமா, கச்சான் வேண்டுமா? ஒன்றை நீயே எடுத்துக்கொள்." வீட்டை விட்டுப் புறப்படும்போதே இதனைச் சொல்லி வைத்தல் இன்னும் நன்று.

ஆலயத்திலும் அவ்வாறே. "ஓடாதே" என்பதைவிட, "அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நட" என்பது குழந்தைக்கு எளிதில் விளங்கும். எனினும், கற்பூரச் சுடரை நோக்கிக் கை நீளும் நேரத்தில் இதமொழிக்கு இடமில்லை. உடனே உரத்த குரலில் தடுத்துக் கையைப் பற்றிக்கொள்ள வேண்டும். பின்னர் மடியில் இருத்திக் காரணம் சொல்லலாம். நாள் முழுவதும் "கூடாது, கூடாது" என்று கேட்டுப் பழகிய காதில் அந்த ஒரு சொல் ஏறாது. ஆகவே மறுப்புகள் சிலவாக இருத்தல் நலம்.

மற்றுமொன்று. அம்மா மறுத்ததைப் பாட்டி கொடுத்தால், அழுகையே வழி என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். வீட்டுப் பெரியவர்கள் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். "நாளை" என்று சொன்னால் நாளை கொடுக்க வேண்டும். கொடுக்க இயலாததை "இல்லை" என்று சொல்வதே நேர்மை.

அதற்குப் பிறகும் பிள்ளை அழலாம். அழட்டும், அருகிலேயே இருங்கள். உபமன்யுவின் தாயிடம் கொடுக்கப் பால் இல்லை; அணைக்கக் கைகள் இருந்தன. அக்கைகள் எல்லாப் பெற்றோர்க்கும் உண்டு.

அனைவர்க்கும் இறைவன் திருவருள் துணை நிற்பதாக.