ஒன்பதின்மரும் பத்தாமவரும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் உரையாற்ற வருபவர் காப்பியம் பற்றியோ கவிதை பற்றியோ பேசுவதே முறை. நான் அமெரிக்கர்களின் பேஸ்பால் விளையாட்டில் உள்ள ஒரு விதியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். செயலாளர் சற்றே திகைத்தார், பிறகு இசைந்தார். அவருக்கு என் நன்றி. அந்த ஒரு விதிக்காக அந்நாட்டு ரசிகர்கள் 49 ஆண்டுகள் வாதிட்டார்கள். மரபா, புதுமையா என்று ஓயாமல் வாதிடும் நமக்கு அதில் எண்ணிப் பார்க்க ஒன்று உண்டு.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் களமிறங்குவோர் ஒன்பது பேர். பழைய முறைப்படி, களத்தில் நின்று தடுக்கும் அந்த ஒன்பதின்மரே முறைவைத்து மட்டையும் பிடிக்க வேண்டும். பந்தெறிபவருக்கும் விலக்கில்லை. ஆனால் பந்தெறிதல் வாழ்நாள் முழுவதையும் கேட்கும் கலை. அதில் தேர்ந்தவருக்குப் பெரும்பாலும் மட்டை வசப்படுவதில்லை. கிரிக்கெட்டில் பதினோராமவர் மட்டையோடு வரும் காட்சியை நினைத்துக்கொண்டால் நிலைமை விளங்கும். ஆகவே, பந்தெறிபவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே பத்தாமவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று புதுவிதி வந்தது. அவர் களத்தில் நின்று தடுக்க வேண்டியதில்லை; மட்டை பிடித்தால் போதும். அவருக்கு டெசிக்னேட்டட் ஹிட்டர் என்று பெயர். நாம் நியமன மட்டையாளர் என்போம்.

இவ்விதியின் வரலாறு விந்தையானது. 1928இல் இதை முன்மொழிந்தவர் நேஷனல் லீக்கின் தலைவர் ஜான் ஹெய்ட்லர். மறுத்தது அமெரிக்கன் லீக். 1968இல் பந்தெறிபவர்களின் கை மிக ஓங்கி, ஓட்டங்கள் அருகிப்போயின. மறு ஆண்டே பந்தெறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். அதுவும் போதவில்லை. ஓட்டம் பெருகினால் கூட்டம் பெருகும் என்று கணக்கிட்டு, 1973 ஜனவரியில் அமெரிக்கன் லீக் அணி உரிமையாளர்கள் 8க்கு 4 என்ற வாக்கில் புதுவிதியை ஏற்றார்கள். இப்போது மறுத்தது நேஷனல் லீக். அன்று முதல் ஒரே விளையாட்டுக்கு இரண்டு இலக்கணம்.

1973 ஏப்ரல் 6 அன்று பாஸ்டனில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரான் ப்ளூம்பெர்க் முதல் நியமன மட்டையாளராக வந்தார். முதல் முறை அவர் பந்தை அடிக்கவே இல்லை. எறிந்தவர் பந்துகளை இலக்குத் தவறி வீசியதால் நடந்தே முதல் தளத்தை அடைந்தார். ஆயினும் அவருடைய மட்டை கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

1990களில் பணியின் பொருட்டு நான் சிகாகோவில் சில ஆண்டுகள் வாழ்ந்தேன். அந்நகரின் வடபகுதியில் கப்ஸ் அணி, அது நேஷனல் லீக். தென்பகுதியில் வைட் சாக்ஸ், அது அமெரிக்கன் லீக். இரண்டு அரங்குகளையும் ஒரே ரயில் தடம் இணைக்கிறது. ஒரு நிலையத்தில் இறங்கினால் பந்தெறிபவர் மட்டை பிடிப்பார். இன்னொன்றில் இறங்கினால் பிடிக்கமாட்டார். என் அலுவலகத்தில் வடக்கத்தியார் ஒருவரும் தெற்கத்தியார் ஒருவரும் அடுத்தடுத்த மேசையில் இருந்தார்கள். மதிய உணவு வேளை முழுதும் இதே வழக்குத்தான்.

“பாதி ஆட்டம் ஆடுகிறவன் எப்படி முழு ஆட்டக்காரன் ஆவான்?” என்பார் வடக்கத்தியார். அவருடைய வாதத்தில் நயம் இருந்தது. ஏழாம் இன்னிங்ஸ், தம் அணி ஓர் ஓட்டம் பின்தங்கியிருக்கிறது, தளங்களில் ஆட்கள் நிற்கிறார்கள், மட்டை பிடிக்கும் முறை, அன்று மிக நன்றாக எறிந்துகொண்டிருக்கும் பந்தெறிபவருடையது. வேறொருவரை அடிக்க அனுப்பினால் பந்தெறிபவர் அன்று மீண்டும் களம் காண முடியாது. அனுப்பாவிட்டால் வாய்ப்பு வீணாகலாம். மேலாளரின் அந்தத் தவிப்பே ஆட்டத்தின் உயிர், அதைப் புதுவிதி பறித்துவிட்டது என்பது அவர் கட்சி. நானும் அக்காலத்தில் அவர் பக்கமே நின்றேன்.

தெற்கத்தியார் சிரிப்பார். “இயலாதவனை அவையேற்றி அவன் திணறுவதைப் பார்ப்பதா மரபு?” என்பார். பிறகு ஒர்லாண்டோ செபேடாவைச் சான்றுக்கு அழைப்பார். முழங்கால்கள் பழுதாகிக் களத்தில் நிற்க இயலாமற்போன அந்தப் பெருவீரருக்கு, 1973இல் பாஸ்டன் அணியில் மேலும் ஓர் ஆண்டு ஆட இடம் தந்தது இந்த விதிதான். அவ்வாண்டு அவர் 20 ஹோம் ரன் அடித்தார்.

பின்னர் நிகழ்ந்தவை இருவர் கட்சிக்கும் சான்று சேர்த்தன. 2008இல் யாங்கீஸ் அணியின் பந்தெறிபவர் வாங் சியென் மிங், நேஷனல் லீக் அணியான ஹூஸ்டனின் அரங்கில், பழைய விதிப்படி தளங்களிடையே ஓட நேர்ந்து பாதத்தில் காயமுற்றார். அந்தப் பருவமே அவருக்கு முடிந்தது. மாறாக, 2016இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் பந்தெறிபவர் பார்த்தோலோ கொலோன் 42 வயதில் தம் வாழ்வின் முதல் ஹோம் ரனை அடித்தார். கனத்த உடலுடன் அவர் தளங்களை மெல்லச் சுற்றி வந்ததைக் கண்டு எதிரணி ரசிகர்களும் மகிழ்ந்தனர். வாங்கின் பாதத்துக்காக வருந்துபவர், கொலோனின் மகிழ்ச்சியை இழக்கத்தான் வேண்டுமா? இதற்கு எளிய விடை இல்லை.

2022இல் உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த ஒப்பந்தத்தால் நியமன மட்டையாளர் இரு லீக்குகளுக்கும் பொதுவானார். 49 ஆண்டுகள் வாதிட்ட ரசிகர்களுக்கு அதில் வாக்கு இல்லை.

ஆயினும் அதே ஆண்டில் இன்னொரு விதியும் சேர்ந்தது. ஷோஹெய் ஓட்டானி என்னும் ஜப்பானியர் பந்தெறிதல், மட்டை இரண்டிலும் தலைசிறந்தவராக விளங்கினார். அத்தகைய ஒருவர் பந்தெறிவதை நிறுத்திய பின்னும் மட்டையாளராகத் தொடரலாம், ஒருவரையே இருவராகக் கொள்ளலாம் என்று விதித்தார்கள். நம் இலக்கணத்தார் மொழியில் சொன்னால் இது புறனடை. அந்தப் புறனடையின் பயனை 2025 அக்டோபர் 17 அன்று உலகம் கண்டது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக மில்வாக்கிக்கு எதிராக ஆடிய ஓட்டானி, ஓட்டமே கொடுக்காமல் பந்தெறிந்து 10 பேரை வீழ்த்தினார். அதே ஆட்டத்தில் 3 ஹோம் ரன் அடித்தார்.

நான் இன்று தெற்கத்தியார் பக்கம் முக்காற்பங்கு சாய்ந்துவிட்டேன். இயலாமைக்கு இரங்கும் விதி நல்ல விதியே. ஆனால் அந்த இரக்கம், இயன்றவனின் கையைக் கட்டும் கயிறாகிவிடக் கூடாது. புதுமை சலுகையாக வரலாம், கட்டளையாக வரக்கூடாது. யாப்பு இயலாதவர் புதுக்கவிதை எழுதட்டும். யாப்பில் வல்லவர் வெண்பா எழுத வந்தால் அவருக்கும் இந்த அவையில் இடம் இருக்கட்டும்.

புதுவிதி பொதுவானபோது வடக்கத்திய நண்பர் எனக்குக் கடிதம் எழுதினார். தாம் தோற்றுவிட்டதாக அதில் அவர் சொல்லவில்லை. ரயிலில் எந்த நிலையத்தில் இறங்கினாலும் இனி ஒரே ஆட்டம்தான், தெற்கத்தியாரோடு பேச எதுவுமே இல்லை என்று வருந்தியிருந்தார். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் நாம் ஒருவரோடொருவர் முரண்பட்டும் பிரியாமல் கூடியிருக்கிறோம். அந்த முரணை அவசரப்பட்டு முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.