நெரிசலில் நின்றவர்

பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு (மாற்கு 5:21-43)
வானொலியில் ஒலிபரப்பான மறையுரை



இன்றைய நற்செய்தியில் ஒரு பெருங்கூட்டம் வருகிறது. இயேசுவை நெருக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போகிற கூட்டம். இந்தக் கூட்டத்தைச் சிந்திக்கும்போது, நம் பிள்ளைகள் இந்நாளில் ஆவலோடு தேடிப்போகிற வேறொரு கூட்டமும் நம் கண்முன் வருகிறது. சென்னை, கொச்சி போன்ற நகரங்களில் பெரிய திடல்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் நடக்கின்ற இசை நிகழ்ச்சிகளைத்தான் சொல்கிறோம். மாதக்கணக்கில் பணம் சேர்த்து டிக்கெட் எடுக்கிறார்கள். நாகர்கோவிலில் ரயில் ஏறி ஓர் இரவு முழுதும் பயணம் செய்கிறார்கள். மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு, தொண்டை கட்டிப்போய், முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வருகிறார்கள். பெற்றோராகிய நாம், "இதுக்கா இவ்வளவு செலவு? அந்தப் பாட்டை போனிலேயே கேட்கலாமே" என்று கேட்கிறோம்.

கேட்கலாம்தான். ஆனால் அவர்கள் பாட்டுக்காக மட்டும் போகவில்லை. விளக்கு அணைந்து முதல் இசை எழும்போது, பல்லாயிரம் பேர் ஒரே மூச்சில் அந்த வரியைப் பாடுகிறார்களே, அதற்காகப் போகிறார்கள். ஒத்திகை கிடையாது. பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர், என்ன சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதற்கே ஒரு காலத்தில் கட்டுப்பாடு வைத்திருந்த மண் நம்முடையது. இன்று நம் பிள்ளைகள் முன்பின் அறியாதவரின் தோளோடு தோள் சேர்ந்து பாடுகிறார்கள் என்றால், அதில் இறைவனின் அருளும் இருக்கிறது. அதை அற்பமாக எண்ண வேண்டாம்.

நமக்கும் இது புதிதல்ல. கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பத்து நாள் திருவிழாவில் கானமேளா என்று அறிவித்தால் நாம் சும்மா இருந்தோமா? பாயும் போர்வையுமாகக் குடும்பத்தோடு போய் இடம் பிடித்து, நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருந்தவர்கள்தானே நாம்? மேடை பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். மனித மனத்தின் தாகம் பழையதுதான்.

திருச்சபையும் இந்த மேடைகளை அறியாதது அல்ல. 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், இத்தாலியின் பொலோஞா நகரில் நற்கருணை மாநாட்டையொட்டி ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. இலட்சக்கணக்கான இளைஞர்கள் கூடியிருந்தார்கள். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் முன்னிலையில் பாடினார். திருத்தந்தை, டிலனின் புகழ்பெற்ற பாடலில் வருகிற காற்றையும் வழியையும் எடுத்துக்கொண்டு, அந்தக் காற்று தூய ஆவியாரின் மூச்சு என்றும், மனிதனுக்கு வழி கிறிஸ்துவே என்றும் அந்த இளைஞர்களுக்கு விளக்கினார். அப்போது கர்தினாலாக இருந்த, பின்னாளில் திருத்தந்தையான பதினாறாம் பெனடிக்ட், அந்த நிகழ்ச்சியைப் பற்றித் தமக்குத் தயக்கம் இருந்ததாகப் பிறகு எழுதினார். இரண்டு திருத்தந்தையருக்கும் ஒரே விசுவாசம். ஆனால் இந்த ஒரு காரியத்தில் இருவர் மனமும் ஒன்றுபோல் இல்லை. நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு எழுந்தால் கலங்க வேண்டாம். போகலாமா கூடாதா என்பதைவிட, அங்கே நாம் எப்படிப்பட்டவர்களாக நிற்கிறோம் என்று கேட்பதே நல்லது.

இதற்கு நம் முன்னோர் இரண்டு கூட்டங்களை நமக்குக் காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் பதிவு செய்தவர் புனித அகுஸ்தினார்.

முதலாவது, உரோமை நகரத்துக் கூட்டம். அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுஸ் நல்லொழுக்கமுள்ள இளைஞர். மனிதரை மனிதர் வெட்டிக் கொல்லுகிற வாள்வீச்சுக் களியாட்டம் அவருக்கு வெறுப்பு. நண்பர்கள் அவரை வலுக்கட்டாயமாக அரங்கத்துக்கு இழுத்துப் போனார்கள். உடம்பைத்தானே இழுக்க முடியும், கண்ணை மூடிக்கொண்டால் போயிற்று என்று அவரும் கண்ணை மூடி உட்கார்ந்தார். ஆனால் காதை மூடவில்லை. களத்தில் ஒருவன் விழுந்தபோது கூட்டம் எழுப்பிய பேரொலியில் கண்ணைத் திறந்தார். அந்த நொடியிலேயே அவர் விழுந்தார் என்கிறார் அகுஸ்தினார். வந்தபோது இருந்த மனிதர் அங்கே இல்லை. கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோனார்.

இரண்டாவது, மிலான் நகரத்துக் கூட்டம். ஆண்டு 386. அரச குடும்பம் ஆலயத்தைத் தங்களுக்குக் கையளிக்கக் கேட்டு நெருக்கடி கொடுத்தது. ஆயர் அம்புரோசும் இறைமக்களும் ஆலயத்திலேயே இரவும் பகலும் விழித்திருந்தார்கள். அஞ்சி, களைத்து, துவண்டுபோகாதபடி எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் அப்போதுதான் அங்கே தொடங்கியது என்கிறார் அகுஸ்தினார். அந்தப் பாடல்களைக் கேட்டுப் பின்னாளில் அவரே அழுதிருக்கிறார். அங்கும் கூட்டம், அங்கும் பெருங்குரல். ஆனால் அங்கே ஒருவர் துவண்டால் பக்கத்தில் இருப்பவரின் குரல் அவரைத் தாங்கியது.

உரோமைக் கூட்டம் மனிதனை விழுங்கியது. மிலான் கூட்டம் மனிதனைத் தாங்கியது. இன்றைய திடல்களில் இந்த இரண்டுமே நடக்கக்கூடும்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூருக்கு அருகே ஏ. ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்ட் 12இல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். கூட்டத்தில் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தார்கள். நெரிசலில் தங்களுக்கு நேர்ந்த இழிவைப் பெண்கள் சிலர் சமூக ஊடகங்களில் வேதனையோடு சொன்னார்கள். நாமும் செய்தித்தாளில் படித்தோம். ஏற்பாட்டில் குறை இருந்தது என்று எல்லோரும் பேசினோம். அது சரி. ஆனால் அந்தப் பெண்களுக்கு நேர்ந்த இழிவு, ஏற்பாட்டுக் குறையால் மட்டும் வந்ததல்ல. பக்கத்தில் நின்ற மனிதரால் வந்தது. கூட்டத்தில் நம்மை யாருக்கும் தெரியாது என்ற துணிவில் வந்தது.

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், கொச்சியை அடுத்த களமசேரியில் பல்கலைக்கழக வளாகத் திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி தொடங்கவிருந்தது. திடீரென மழை. வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடி ஒதுங்கப் பார்த்தார்கள். வாசலைத் தாண்டியதும் கீழே இறங்கும் படிக்கட்டுகள். முன்னால் போனவர்கள் விழ, பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. நான்கு உயிர்கள் போயின. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கேரளத்தில் படிக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த இரவில் எத்தனை வீடுகளில் பெற்றோர் போனைக் கையில் எடுத்திருப்பார்கள்!

இத்தகைய நெரிசலில் மக்கள் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் தம் விருப்பப்படி யாரும் அசைய முடியாது. கூட்டம் தண்ணீரைப்போல அலை அடிக்கத் தொடங்கும். நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு நின்றுவிடும். பின்னால் இருந்து தள்ளுகிறவருக்குக் கொல்ல வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. இன்னும் ஓர் அடி முன்னால் போக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். முன்னால் ஒருவர் மூச்சுத் திணறுவதை அவர் அறியவில்லை.

இதோடு சேர்த்து இன்றைய நற்செய்திக்கு வருவோம்.

யாயிர் தொழுகைக் கூடத் தலைவர். அவருடைய 12 வயது மகள் சாகும் நிலையில் கிடக்கிறாள். அவசரமான வேலை, முக்கியமான மனிதர். கூட்டம் நெருக்கிக்கொண்டு போகிறது. இடையில் 12 ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண். வைத்தியத்துக்கே சொத்தையெல்லாம் அழித்தவர். சட்டப்படி தீட்டு, கூட்டத்துக்குள் அவர் வரவே கூடாது. பின்னாலிருந்து மேலுடையைத் தொட்டுவிட்டு ஓசையில்லாமல் போய்விட நினைக்கிறார். அப்போது இயேசு நிற்கிறார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்கிறார். இவ்வளவு பேர் இடித்துக்கொண்டிருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீடர்களுக்கே வியப்பு. இடித்தவர்கள் ஆயிரம் பேர். தொட்டவர் ஒருவர். அந்த ஒருவரின் முகத்தைப் பார்க்கும்வரை ஆண்டவர் நகரவில்லை. நடுங்கிக்கொண்டு வந்தவரை மகளே என்று அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு மதிப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்படி நின்றதற்கு ஒரு விலை இருந்தது என்பதை மறக்கக் கூடாது. இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே, யாயிரின் மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தது. அந்தத் தகப்பனின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்காக நின்றதால்தானே தாமதம்? ஆனாலும் ஆண்டவர் அவரையும் கைவிடவில்லை. அஞ்ச வேண்டாம் என்று சொல்லி, வீடுவரை உடன் நடந்து, சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினார். நின்றதால் கெட்டுப்போனது எதுவும் இல்லை. கடைசியில் இரண்டு மகள்கள் வாழ்வு பெற்றார்கள்.

இசை நிகழ்ச்சிக்குப் போகிற நம் இளைஞர்களிடம் இந்த நற்செய்தியைக் கொடுத்து அனுப்புவோம். போங்கள், மகிழ்ச்சியாகப் பாடுங்கள். உள்ளே நுழைந்ததும் வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெருக்கம் கூடினால் முண்டாதீர்கள். ஓர் அடி பின்வாங்குங்கள், பின்னால் இருப்பவரிடமும் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பெண் ஒதுங்கிக் குறுகி நின்றால், அது ஏன் என்று கவனியுங்கள். நடுவில் ஓர் அரணாக நில்லுங்கள். யாராவது விழுந்தால் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்காமல் கையை நீட்டுங்கள். இவை சின்னக் காரியங்கள்தான். ஆனால் நெரிசலில் நிற்கத் தெரிந்தவரே இயேசுவின் சீடர்.

இனி நம் ஆலயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திடலில் தொண்டை வற்றப் பாடுகிற பிள்ளை, ஞாயிறு திருப்பலியில் வாய் திறப்பதில்லை என்று குறைப்படுகிறோம். நாம் திறக்கிறோமா? 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, இறைமக்கள் பார்வையாளர்களைப்போல இராமல் வழிபாட்டில் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்றது. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பல ஆலயங்களில் பாடகர் குழுவும் கீபோர்டும் ஒலிபெருக்கியும் பாடுகின்றன; மக்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கச்சேரியில் இரசிகர்கள் பாடுகிறார்கள், ஆலயத்தில் விசுவாசிகள் இரசிக்கிறார்கள்! பாடகர் குழுவினருக்கு நம் அன்பான வேண்டுகோள்: மக்களுக்குத் தெரிந்த பாடலாக, மக்களுக்கு எட்டும் சுதியில் எடுங்கள். ஒலியைச் சற்றுக் குறையுங்கள். மக்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டால்தான் பாடுவார்கள்.

சுசீந்திரம் கோவிலின் இசைத்தூண்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள், தட்டினால் வெவ்வேறு ஒலி. கல் ஒன்றுதான், ஆனால் ஒரு தூண் இன்னொன்றின் ஒலியை விழுங்குவதில்லை. பங்குக் குடும்பமும் அப்படி இருக்க வேண்டும்.

இருக்க முடியும் என்பதற்கு நம் கோட்டாற்றிலேயே சான்று உண்டு. டிசம்பர் 3ஆம் நாள், புனித சவேரியார் பேராலயத் தேர்ப்பவனியில் எவ்வளவு கூட்டம்! அந்த நெரிசலிலும் தேருக்குப் பின்னால் தரையில் விழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்து வருகிறவர்கள் உண்டு. அவர்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்று நாம் கேட்பதில்லை. விழுந்து கும்பிடுகிற ஓர் உடலுக்காகக் கூட்டம் விலகி இடம் விடுகிறது. பக்கத்தில் இருப்பவர் கையைக் கோத்து அரண் கட்டுகிறார். அவர் எழுந்து அடுத்த அடி வைக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். நிற்கத் தெரிந்த கூட்டம் அது.

இன்று திருப்பலி முடிந்ததும் வாசலை நோக்கி விரையாமல் சற்று நில்லுங்கள். கூட்டத்தில் யார் தனியாக நிற்கிறார்கள் என்று பாருங்கள். கணவரை இழந்த ஒரு தாயாக இருக்கலாம். வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கிற இளைஞராக இருக்கலாம். பல வாரங்களாக வராமல் இருந்து, இன்று கடைசி வரிசையில் வந்து நின்றவராக இருக்கலாம். பெயர் சொல்லி விசாரியுங்கள். பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெரிசலின் நடுவே நின்று ஒரு மகளின் முகத்தைத் தேடிய ஆண்டவரே, கூட்டத்தில் எங்கள் அயலாரைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். பாட்டைத் தேடிப் போன பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்தருளும். ஆமென்.