நோய் தீர்ந்த பிள்ளை



நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு ஒரு குறை தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரு பிள்ளையைக் கண்ட அளவிலேயே, இவன் கெட்டிக்காரன், இவன் சோம்பேறி என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தகைய தீர்ப்பொன்றை நானும் ஒருமுறை கூறினேன். அது பிழையான தீர்ப்பு. அதனாலேயே இன்று இப்பொருளைப்பற்றி உங்களுடன் பேச விரும்பினேன்.

நான் அதிபராகக் கடமையாற்றிய ஒரு பாடசாலையில், ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுவன் படித்தான். கரும்பலகையில் உள்ளதை மற்றவர்கள் எழுதி முடித்துக் கொப்பியை மூடும் வேளையில், அவன் பாதியில் நின்றுகொண்டிருப்பான். வாய்ப்பாட்டை இன்று ஒப்புவிப்பான். நாளை கேட்டால் திகைப்பான். இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படித்தவன் என்று ஆசிரியை ஒருவர் சொன்னபோது என் சினம் மேலும் பெருகியது. தந்தையாரை அழைத்து, “உங்கள் மகனுக்கு மூளை இருக்கிறது, முயற்சிதான் இல்லை” என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “ஐயா, அவனுக்கு ஐந்து வயதிலே மூளையில் ஒரு கட்டி வந்தது. சத்திரசிகிச்சை செய்து, தலைக்குக் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இப்போது சுகம் என்றுதான் வைத்தியர்கள் சொல்லுகிறார்கள்” என்றார். நான் தலைகுனிந்தேன்.

நோய் தீர்ந்து நான்கைந்து ஆண்டுகள் கழிந்தபின் மந்தம் தோன்றுவானேன்? கதிரானது நோயுற்ற உயிரணுக்களை அழிக்கும்போது, அயலிலுள்ள நல்ல பகுதிகளையும் தொட்டே செல்கிறது. மூளையின் நரம்பு நார்களை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியிருக்கிறது. மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ, அப்படியே நரம்புக்கு இது. இவ்வுறை செவ்வையாக இருந்தால்தான் செய்திகள் விரைந்து ஓடும். இதனை ஆக்கும் உயிரணுக்களும், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்களும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியும் கதிரினால் ஊறுபடக்கூடும்.

சிகிச்சை நடக்கும் நாட்களில் வரும் தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் தணிந்துவிடும். ஓரிரு மாதங்களின் பின் சில பிள்ளைகளுக்கு மிகுந்த தூக்கம் வரும், அதுவும் நீங்கிவிடும். ஆனால் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெல்லத் தலைகாட்டும் ஊறு எளிதில் நீங்குவதில்லை. சிறு பிள்ளையின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், வயது குறையக் குறைய ஊறு மிகும்.

வைத்திய உலகம் இதனை எவ்வாறு அறிந்தது? குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் வரலாறே இதற்குச் சிறந்த சான்று. 1960ஆம் ஆண்டளவில் அந்நோயினின்று பிழைத்த பிள்ளைகள் மிகச் சிலரே. மருந்து குருதியிலுள்ள நோயை ஒடுக்கும். எனினும் குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள இயற்கைத் தடையை அது எளிதிற் கடக்காது. ஆதலால் மூளையைச் சூழ்ந்த சவ்வுகளில் பதுங்கிய நோய் மீண்டும் தலைதூக்கும். ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட சென் ஜூட் சிறுவர் வைத்தியசாலையின் முதற் பணிப்பாளர் டொனல்ட் பிங்கல், 1967இல் மருந்துகளோடு தலைக்கு 2,400 ராட் கதிரையும் சேர்த்துக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார். ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் குணமடைந்தனர். அக்காலத்தில் அது பெருவெற்றி.

அப்பிள்ளைகள் வளர்ந்து பாடசாலைக்குச் சென்றபோதுதான் அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை தெரிந்தது. கவனம் சிதறியது, கணிதம் கடினமாயிற்று, எதனையும் செய்யக் கூடுதல் நேரம் வேண்டியிருந்தது. ஆகவே வைத்தியர்கள் முதலிற் கதிரின் அளவை 1,800 ராட்டாகக் குறைத்தனர். பின்னர் முள்ளந்தண்டின் வழியே மருந்தேற்றும் முறையைக் கதிருக்கு ஈடாகக் கைக்கொண்டனர். 2000ஆம் ஆண்டு முதல் 2007 வரை அதே வைத்தியசாலை, தலைக்குத் தடுப்புக் கதிர் கொடாமலே 498 பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்தது. ஐந்தாண்டுகளின் பின் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 93.5 என்று 2009இல் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் மூளைக் கட்டிகள் சிலவற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை இன்றும் இன்றியமையாதது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதனை இயன்றவரை தவிர்க்கவும் தள்ளிவைக்கவும் வைத்தியர்கள் முயலுகின்றனர். என் பேச்சைக் கேட்டு எந்தத் தாயும் தந்தையும் அச்சிகிச்சையை மறுத்துவிடலாகாது. உயிர் இருந்தால் அன்றோ கல்வி? நான் வேண்டுவது, சிகிச்சை முடிந்ததும் யாவும் முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள் என்பதே.

ஆசிரியர்கள் ஒன்றை நன்கு உணர வேண்டும். இத்தகைய பிள்ளை கற்றதையெல்லாம் இழந்துவிடுவதில்லை. புதியதைக் கற்கும் வேகமே குறைகிறது. ஒத்த வயதினர் ஓட, இவன் நடக்கிறான். ஆகவே ஆண்டுதோறும் இடைவெளி அகலுகிறது. இரண்டாம் வகுப்பில் தெரியாதது ஐந்தாம் வகுப்பில் தெரிவது இதனாலேதான். இவனை முன்வரிசையில் இருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே சொல்லுங்கள். எழுதவேண்டியதை எழுதிக் கொடுத்து உதவுங்கள்.

பெற்றோரே, பிள்ளை பெற்ற சிகிச்சையைப் பாடசாலைக்கு மறையாது தெரிவியுங்கள். வளர்ச்சி குன்றினாலோ, வலிப்பு வந்தாலோ, கைகால் தளர்ந்தாலோ, எத்தனை ஆண்டுகள் சென்றிருந்தாலும் வைத்தியரிடம் பழைய சிகிச்சையைக் கூறிக் காட்டுங்கள்.

அடுத்த தவணைப் பரீட்சையில் அச்சிறுவனுக்கு அரை மணித்தியாலம் கூடுதலாகக் கொடுத்தோம். அவன் முதலாம் பிள்ளையாக வந்துவிடவில்லை. ஆனால் வினாத்தாளின் கடைசிக் கேள்விவரை விடை எழுதியிருந்தான். அதற்குமுன் ஒருபோதும் அவன் அவ்வளவு தூரம் வந்ததில்லை.