மருந்தின் நான்காம் கூறு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதிலுள்ள பத்துக் குறள்களிற் பெரும்பாலானவை உணவின் அளவைப் பேசுகின்றன. இறுதிக் குறளிலேதான் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, பக்கத்தில் நின்று பணி செய்பவன் என்பன அந்நான்கு. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். அவனுக்கு நான்கு தகுதிகள் வேண்டுமென்று பரிமேலழகர் உரை கூறுகின்றது: நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு.

இந்நான்கையும் கரும்பலகையில் எழுதி, பாடமாக்குங்கள் என்று மாணவரிடம் கூறிவிட்டு, மணியடித்ததும் அடுத்த வகுப்புக்குப் போன ஆசிரியை நான். அந்த நான்காம் கூறாக நானே நிற்க நேர்ந்த பின்னர்தான், உரையாசிரியர் ஒரு சொல்லையேனும் வீணாக எழுதவில்லை என்பது எனக்கு விளங்கிற்று. அதைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

என் கணவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காளர். நீரிழிவு அவருக்கு நெடுநாளையது. நான்கு வருடங்களுக்கு முன்னர் அவருடைய கால்கள் வீங்கின, வயிறு பருத்தது. "உம்மட சமையல்தான் காரணம்" என்றார். இருவரும் சிரித்தோம். ஸ்கான் எடுத்தபோது வயிற்றிலிருந்தது நீர் எனத் தெரிந்தது. ஈரலிற் சேர்ந்த கொழுப்பு பல்லாண்டுகளாக அதனைப் புண்படுத்தியிருக்கின்றது. புண் ஆறிய இடமெல்லாம் தழும்பாகி, மென்மையான அந்த உறுப்பு இறுகிப் போயிருந்தது. இதனையே வைத்தியர்கள் சிரோசிஸ் என்கின்றனர். தழும்பினூடே செல்ல முடியாத இரத்தம் பின்னே தேங்குகின்றது. வயிற்றில் நீர் கசிகின்றது. உணவுக்குழாயிலுள்ள நாளங்கள் புடைத்து, சில வேளை வெடிக்கவும் செய்கின்றன.

கொழும்பிலே நிபுணர் நீண்ட நேரம் விளக்கினார். பக்கத்தில் நின்ற இளம் வைத்தியர் அதனைத் தமிழிற் சொன்னார். அவருடைய கடைசி வசனம் இதுதான்: "ஒரு காலத்தில் மாற்று ஈரல் தேவைப்படலாம்."

ஒரு சொல்லின் ஈறு இவ்வளவு பாரமாக இருக்குமென்று தமிழாசிரியையாகிய நான் அன்றுதான் அறிந்தேன். 'தேவைப்படும்' என்றிருந்தால் அழுதிருப்பேன். 'தேவைப்படாது' என்றிருந்தால் நல்லூருக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தியிருப்பேன். 'தேவைப்படலாம்' என்றால் என்ன செய்வது? நான்கு வருடங்களாக நாங்கள் அந்த 'லாம்' என்ற ஈற்றுக்குள்ளேயே குடியிருக்கின்றோம்.

அதனை அளப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மெல்ட் புள்ளி என்பர். இரத்தத்திலுள்ள பிலிரூபின், இரத்தம் உறைய எடுக்கும் நேரம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் ஆகிய மூன்றையும் கொண்டு கணித்தார்கள்; பின்னர் சோடியத்தையும் சேர்த்தார்கள். புள்ளி 6 முதல் 40 வரை செல்லும். ஐக்கிய அமெரிக்காவில் மாற்று ஈரலுக்குக் காத்திருப்போரின் வரிசையை 2002 முதல் இப்புள்ளியைக் கொண்டு ஒழுங்கு செய்யத் தொடங்கினர். புள்ளி கூட வேண்டுமென்று பிள்ளைகளை ஆயுள் முழுதும் வருத்திய நான், இங்கே ஒரு புள்ளி கூடினாலும் நடுங்குகின்றேன். குறைவாக இருக்கும் காலத்தில் நோயின் ஆபத்தைவிடச் சத்திரசிகிச்சையின் ஆபத்தே பெரிது என்பதால் பொறுத்திருக்கச் சொல்கின்றனர். சத்திரசிகிச்சைக்கு உரிய அளவுக்கு நோய் முற்றவில்லை. வேலைக்குப் போகுமளவுக்குச் சுகமும் இல்லை. இந்த இடைவெளியிலேதான் உழைச்செல்வானின் வேலை இருக்கின்றது.

அன்பைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது இருந்தது, ஆனால் அது மாத்திரம் போதவில்லை.

சொன்னபடி செய்தல் என்பது எங்கள் வீட்டில் உப்பிலே தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பு, அதாவது ஏறக்குறைய 5 கிராம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. தேசிக்காயும் புளியும் மிளகும் மிஞ்சின. அவருக்கு வேறாகவும் எனக்கு வேறாகவும் சமைப்பது முதல் வாரத்திலேயே சரிவரவில்லை. வாசனைக்கு அவருடைய கண் என் கோப்பையை நோக்கிப் போயிற்று. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே கறிதான். அடுத்தது லக்ரலோசுப் பாணி. ஈரல் அகற்றத் தவறும் அமோனியா முதலிய நச்சுப் பொருள்கள் மூளையைக் கலக்காமல் இருப்பதற்காக அதைக் கொடுக்கின்றார்கள். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போக வேண்டும். வானொலியிற் சொல்லக் கூச்சமான விடயந்தான். ஆயினும் எங்கள் வீட்டில் விடிந்ததும் கேட்கப்படும் முதற் கேள்வி அதுவே.

அறிவு வேண்டும் என்றாரே உரையாசிரியர், அதன் தேவையை அயலவர்கள் உணர்த்தினர். "ஈரல் வருத்தக்காரருக்குக் கஞ்சி மட்டும் குடுங்கோ ரீச்சர்" என்றனர் பலர். புரதத்தைக் குறைக்கும் வழக்கம் முன்னொரு காலத்தில் வைத்தியரிடமும் இருந்தது. இப்போது அதனைத் தவறென்று கொள்கின்றனர். நோயுற்ற ஈரலால் போதிய மாச்சத்தைச் சேமித்துவைக்க முடியாது. ஓர் இரவுப் பட்டினியிலேயே உடல் தன் தசையைத் தின்னத் தொடங்கிவிடுகின்றது. ஆகவே முட்டை, மீன், பருப்பு எல்லாம் வேண்டும். படுக்கைக்குப் போகுமுன் சிறிது உணவும் வேண்டும். உடல் நோவுக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நல்லெண்ணத்தோடு கொண்டுவரப்படும் கஷாயங்களும் வைத்தியரின் அனுமதியின்றி அடுப்பில் ஏறக்கூடாது. "வேண்டாம்" என்று புன்னகையோடு சொல்லப் பழகுவதும் அறிவில் ஒரு பகுதியே.

என் தொழில் எனக்கு உதவிய ஓர் இடமும் உண்டு. என் கணவரின் கையெழுத்து அச்சுப் போன்றது. ஒரு நாள் வீட்டுக் கணக்குக் கொப்பியில் இலக்கங்கள் கோட்டைவிட்டுக் கீழே சரிந்திருந்தன. கூட்டலும் பிழைத்திருந்தது. பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பது இரண்டு மூன்று நாளாக நடந்துகொண்டிருந்தது, களைப்பென்று நினைத்திருந்தேன். இருபது வருடங்களுக்கு மேலாகக் கொப்பி திருத்திய கண்ணுக்கு அந்த எழுத்து களைப்பினால் வந்ததாகத் தோன்றவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். வழியில் என்னைப் பார்த்து, "நீர் ஆர்?" என்று கேட்டார். மூன்றாம் நாள் தெளிந்து என் பெயரைச் சொன்னார். அன்று தொடக்கம் ஒற்றைக்கோட்டுக் கொப்பியொன்றில் மாலைதோறும் ஒரு வரி எழுதுகின்றார். எழுதி நீட்டிவிட்டு, "ரீச்சர், இண்டைக்கு எத்தினை புள்ளி?" என்பார்.

நான்கு தகுதிகளுள் எனக்கு மிகக் கடினமாக இருந்தது தூய்மை; அதிலும் மொழியின் தூய்மை.

ஈரல் நோய் என்றதும் நம்மவர் கேட்கும் கேள்வியை நீங்கள் அறிவீர்கள். "அவர் குடிக்கிறவரோ?" என் கணவர் கள்ளைக்கூடத் தொட்டறியாதவர். எனவே யார் கேட்டாலும், கேளாவிட்டாலும், முதலில் அதையே சொன்னேன். "எங்கட அவர் ஒரு துளியும் தொட்டதில்லை" என்பது என் வாய்ப்பாடாகிவிட்டது. ஒரு நாள் கிளினிக்கில், எண் துண்டோடு காத்திருந்தபோது, பக்கத்து வாங்கிலிருந்த பெண்ணிடமும் அதைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கட மனிசன் குடிச்சவர்தான் அக்கா. விட்டு எட்டு மாதமாச்சு" என்றாள். அவளுடைய மடியில் இருந்த பையிலும் அதே பாணிப் போத்தல். அவளுடைய கணவருக்கும் அதே வீங்கிய கால்கள். என் கணவரின் நற்பெயருக்கு நான் கட்டிய மதில், அவளுடைய முற்றத்திலே இடிந்து விழுந்திருந்தது. இத்தனை மாதமும் நான் சொல்லி வந்ததன் உட்பொருள், 'என் கணவர் இரக்கத்துக்கு உரியவர், உன் கணவர் அல்லர்' என்பதன்றி வேறென்ன?

வைத்திய உலகமும் இந்தச் சொற்பழுதை உணர்ந்திருக்கின்றது. என் கணவருக்கு வந்த நோயை 'மதுசாரத்தால் வராத கொழுப்பு ஈரல்' என்றே பல காலம் அழைத்தனர். 2023இல் பல நாட்டு ஈரல் வைத்தியச் சங்கங்கள் கூடி அப்பெயரை மாற்றி, அனுசேபக் கோளாற்றோடு தொடர்புடையது என்ற பொருளில் புதுப்பெயர் இட்டன. நோயை அதன் சொந்தக் காரணத்தால் அழைப்பதே முறை. நானும் அன்றோடு என் வாய்ப்பாட்டைக் கைவிட்டேன். அந்தப் பெண் இப்போது கிளினிக்குக்கு வரும்போது எனக்கும் ஓரிடம் பிடித்து வைப்பாள்.

மொழித் தூய்மைக்கு இன்னொரு சோதனையும் வந்தது. மாற்று ஈரலின் கதை நீண்டது. 1963இல் டென்வரில் தோமஸ் ஸ்ரார்சில் செய்த முதலாவது முயற்சியில் நோயாளி பிழைக்கவில்லை. 1967இலேதான் அவருடைய முயற்சி பலித்தது. உயிரோடிருப்பவர் தம் ஈரலின் ஒரு பகுதியைக் கொடுக்கும் முறை 1989இல் வெற்றி கண்டது. ஈரல் வளரும் உறுப்பு. வெட்டிக் கொடுத்தவரிடத்தும் பெற்றவரிடத்தும் சில மாதங்களில் அது ஏறக்குறைய முழு அளவை அடைகின்றது. இன்று நம் நாட்டில் ராகமையிலும் இச்சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது.

நான் கொடுக்கலாமென்று எண்ணினேன். அவர் ஓ வகை இரத்தம். நான் பீ வகை. பொருந்தவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் ஒரே மகன் ஓ வகை. "அம்மா, நான் குடுக்கிறன்" என்று தொலைபேசியில் சொன்னான். தகப்பன் கேட்டதும், "பிள்ளையின்ர வயித்தைக் கீறி நான் இருக்க வேணுமோ?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருவரும் என்னைப் பார்த்தனர். மனைவியாக ஒரு சொல் என் நாவில் இருந்தது. தாயாக அதற்கு எதிரான இன்னொரு சொல்லும் இருந்தது. எதைச் சொன்னாலும் ஒருவரை மற்றவருக்கு விலையாகக் கொடுத்தவளாவேன்.

வைத்தியரிடம் கேட்டேன். கொடுப்பவருக்கும் ஆபத்து முற்றாக இல்லையென்று சொல்ல முடியாது என்றார். காலம் வந்தால் மகனைத் தனியே அழைத்து, எங்கள் இருவரையும் வெளியே இருத்தித்தான் பேசுவார்களாம். எந்த நிலையிலும் அவன் பின்வாங்கலாம். அப்படிப் பின்வாங்கினால், மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை என்பதே வீட்டாருக்குச் சொல்லப்படும். அந்த ஏற்பாட்டைக் கேட்டபோது என் நெஞ்சு இளகிற்று. கொடை என்பது கேட்டுப் பெறுவதன்று என்று வகுப்பிலே எத்தனை முறை சொல்லியிருக்கின்றேன்! மகனிடம், "முடிவு உன்னுடையது, எந்த முடிவானாலும் நீ என் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். மேற்கொண்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்றுவரை அந்த மௌனத்தைக் காப்பதே என் பெரிய வேலை.

ஒன்றை உரையாசிரியர் எழுதாமல் விட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உழைச்செல்வானுக்கும் ஓர் உழைச்செல்வான் வேண்டும். என் பாடவேளைகளைத் தாமாக எடுத்துக்கொண்ட சக ஆசிரியர்களும், சனிக்கிழமை இரவுகளில் வந்து, "நீர் போய்ப் படும்" என்று என்னை அனுப்பிவிடும் மச்சாளும் இல்லையென்றால், நானும் எப்போதோ விழுந்திருப்பேன். உங்கள் அயலில் இப்படியொருவர் இருந்தால், காரணம் விசாரிக்காதீர்கள். ஓர் இரவு போய் இருங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1961இல் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கத்தின் வழியாகப் பல நாடுகளுக்குக் கண் கொடுத்த பெருமை இந்தச் சிறிய தீவுக்கு உண்டு. மரணத்தின் பின்னர் உறுப்புகளைக் கொடுப்பதற்கான சட்டம் 1987 முதல் நம்மிடம் இருக்கின்றது. ஆனால் கண்ணைப் போலன்றி, ஈரலை எடுப்பது பெரும்பாலும் மூளை இறந்து இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும் சில மணி நேரத்திலேதான். அந்த வேளையில் அழுதுகொண்டிருக்கும் உறவினரிடமே கேட்பார்கள். உங்கள் விருப்பம் எதுவானாலும் அதனை இன்றே வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். அதனால் ஏதோவொரு வீட்டின் பிள்ளை தன் தகப்பனுக்காக வயிற்றைக் கொடுக்க வேண்டிய நிலை தவிரக்கூடும்.

இந்த உரையை எழுதி முடித்த மாலையும் என் கணவர் கொப்பியை நீட்டினார். எழுத்துக்கள் கோட்டின்மேல் நேராக நின்றன. சரி போட்டு, திகதியிட்டுக் கொடுத்தேன்.