தொடுதிரையும் விரல் நுனியும்

பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையை நம்மவர் பலர் அறிவர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்ற தமிழர், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி உழைத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்தம் பிள்ளைகள் பலர் அதே பாதை வழியே நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். தந்தையர் கையில் துளைப்பொறி இருந்தது. மக்கள் கையில் கைபேசி இருக்கிறது.

இக்கைபேசியின் திரையில் ஓர் எழுத்தைத் தொட்டால், பொத்தான் அழுந்தியது போன்ற உணர்வு உண்டாகிறதன்றோ? உண்மையில் அங்கே பொத்தானே இல்லை. உள்ளிருக்கும் சிறு மோட்டார் கணநேரம் அதிர்கிறது, அவ்வளவே. நம் தோலின் ஆழத்தில் பாசினி நுண்ணுறுப்புகள் உள்ளன. நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளை அவை மிக நுட்பமாக உணரும். ஆயினும் அதிர்வு எழுந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டா. ஆதலால் கருவி முழுதும் நடுங்கினும், தொட்ட கணத்திலேயே நடுங்குமாயின், தொட்ட இடமே அசைந்ததென மனம் கொள்கிறது. அதிர்வு தாமதித்தால் அம்மயக்கம் கலைந்துவிடும்.

ஆனால் இவ்விடை எல்லா விரல்களுக்கும் எட்டுமா? பாறை துளைக்கும் பொறியை ஆண்டுக்கணக்கில் பிடித்த கைகளில் நரம்புகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதுறக்கூடும். 1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் காற்றழுத்தக் கருவிகொண்டு கல் செதுக்குவோரை ஆராய்ந்த ஆலிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவ அம்மையார், அவர்தம் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை எடுத்துரைத்தார். அதிர்வினால் உணர்விழந்த விரலுக்கு அதிர்வையே விடையாகத் தருவதில் பயன் என்ன? அழுந்தவில்லை என எண்ணி முதியவர் மீண்டும் அழுத்துவார். பணம் செலுத்தும் வேளையில் அது வீண் கலக்கமாகும்.

பார்வையற்றோர் நிலையும் எண்ணத்தக்கது. பழைய எண்பலகையில் 5 என்னும் எண்மேல் ஒரு சிறு புள்ளி புடைத்திருக்கும். அது விரலுக்கு வழிகாட்டும். வழவழப்பான கண்ணாடியில் அத்துணை இல்லை. நம் நாட்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமோ அழுந்தும் பொத்தான், எரியும் விளக்கு, ஒலிக்கும் ஓசை என மூவகையில் விடை தருகிறது. கையும் கண்ணும் செவியும் ஒன்றுக்கொன்று சான்றாகின்றன.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் ஊரிலுள்ள பெற்றோருக்குக் கைபேசி வாங்கி அனுப்புகிறோம். அனுப்புமுன் எழுத்தைப் பெரிதாக்கி, விசையொலியைத் திறந்து, அதிர்வை மிகுத்து வைப்போமாக. அவர்கள் தடுமாறும்போது அறியாமை என்று எள்ளாதிருப்போம். நம்மைப் படிக்கவைத்த உழைப்பே அவ்விரல்களின் உணர்வை வாங்கிக்கொண்டிருக்கக்கூடும்.