கடைவீதிக்கு வழி காட்டுங்கள்!

(செங்கல்பட்டு - மாமல்லபுரம் கடலோரப் பகுதி இளைஞர்கள், வர்த்தகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு ஹிஜ்ரத் வந்தவர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). மதீனாவில் அவரை ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக ஆக்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். தம் செல்வத்தில் பாதியைத் தர ஸஅத் முன்வந்தார். அப்துர் ரஹ்மானோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தாமே நிமிர்த்திக்கொண்டார்.

புகாரியில் பதிவான இந்தச் சம்பவத்தை மேடைதோறும் சொல்கிறோம். இன்று நம் மஹல்லாவில் ஓர் இளைஞன் கடைவீதிக்கு வழி கேட்டால் நாம் எதைக் காட்டுகிறோம்? விசா ஏஜெண்டின் வீட்டைக் காட்டுகிறோம். இல்லையென்றால் தண்டல்காரரின் வாசலைக் காட்டுகிறோம்!

சந்தை நம் வாசலில்

சகோதரர்களே! சந்தை தேடி நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது மாமல்லபுரம். தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் 2021-22ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பயணிகள் மிக அதிகமாக வந்த இடம் இதுதான். தாஜ்மஹால்கூட இதற்கு அடுத்துத்தான்! கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அதே கோவளத்தில் மீனவச் சகோதரர்கள் அலைச்சறுக்கைக் கற்று, அதைக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக்கினார்கள். அலை அவர்களுடைய பாட்டன் காலத்திலும் அடித்தது. அதைத் தொழிலாகப் பார்த்த கண்தான் புதிது.

நம்மிடம் தொழில் தெரியாதவர்களா இல்லை? பிரியாணி, இறைச்சி, தையல், பழைய இரும்பு, தள்ளுவண்டி வியாபாரம் என்று சொந்த உழைப்பில் வாழ்பவர்கள்தாம் நம்மில் அதிகம். முஸ்லிம் உழைப்பாளிகளில் சுமார் 61 விழுக்காட்டினர் சுயதொழில் செய்பவர்கள் என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. வங்கிக் கடனில் நமக்குக் கிடைக்கும் பங்கு குறைவு என்பதையும் அதே அறிக்கை எடுத்துக் காட்டியது. உழைப்பு இருக்கிறது, சந்தை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே முதல்தான் இல்லை.

தண்டல் கணக்கு

அந்த இடைவெளியில்தான் தண்டல் புகுந்துகொண்டது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வருடத்தில் மூன்று முறை வாங்கினால் 4,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அந்த வியாபாரியின் கையில் ஒருபோதும் 8,500க்கு மேல் இருந்ததில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்! கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. ஆனால் வேறு கதவு திறக்காதவரை, ஏழை அந்தக் கதவைத்தான் தட்டுவான். வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்லும் நமக்கு, அந்த வேறு கதவைத் திறக்கும் கடமையும் உண்டு.

அரசுத் திட்டங்கள் இல்லையா? உண்டு. 1999இல் டாம்கோ வந்தது. 2008இல் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் வந்தது. அதில் கிராமப்புறச் சிறுபான்மையினருக்கு 35 விழுக்காடு வரை மானியம் வைத்தார்கள். ஆனால் கடன் என்று வரும்போது இரண்டிலும் வட்டி ஒட்டிக்கொண்டே வருகிறது. வட்டியில்லா வங்கிச் சேவைக்கு ரகுராம் ராஜன் குழு 2008இல் பரிந்துரை செய்தது. ரிசர்வ் வங்கியோ இஸ்லாமிய வங்கி யோசனையைத் தொடரப்போவதில்லை என்று 2017இல் கைவிரித்துவிட்டது. அந்தக் கோரிக்கையை நாம் கைவிட மாட்டோம். ஆனால் அது நிறைவேறும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கவும் முடியாது.

எகிப்தில் நைல் நதிப் பாசனப் பகுதியில் மித் கம்ர் என்றொரு ஊர். 1963இல் அஹ்மத் அந்நஜ்ஜார் என்ற பொருளாதார அறிஞர் அங்கே வட்டியில்லாச் சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். விவசாயிகளும் சிறுதொழில் செய்பவர்களும் தங்கள் சிறுசேமிப்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அரசியல் சூழலால் அது மூடப்பட்டது. ஆனாலும் இன்றைய இஸ்லாமிய வங்கிகளுக்கு அதுவே முன்னோடி. கோடீஸ்வரர்களை நம்பி அல்ல, கிராமத்து மக்களை நம்பித் தொடங்கப்பட்டது அது!

நம் கையில் உள்ள வழி

நூறு வீடுகள் உள்ள மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் என்றால் வருடத்தில் 1,20,000 ரூபாய். பன்னிரண்டு பேருக்குத் தலா பத்தாயிரம் கர்ளன் ஹஸனாவாகக் கொடுக்கலாம். வாரம் 400 ரூபாய் வீதம் 25 வாரங்களில் முதல் அப்படியே திரும்பிவிடும். அதே பணம் அதே வருடத்தில் இன்னும் பன்னிரண்டு பேரை நிமிர்த்தும். பக்கத்துத் தெரு மீனவச் சகோதரிக்கும் அதில் கொடுங்கள். தண்டல்காரர் மதம் பார்த்தா வட்டி வாங்குகிறார்?

மூன்று விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். ஒன்று, ஜகாத் கணக்கையும் கடன் நிதியையும் கலக்காதீர்கள். ஜகாத் உரியவருக்குச் சொந்தமாகக் கொடுக்கப்பட வேண்டியது. கடனில் மூழ்கியவரும் அதற்கு உரியவர்களில் ஒருவர். இரண்டு, வாங்குவது சந்தாவாகவே இருக்கட்டும். லாபம் தருவதாகச் சொல்லி டெபாசிட் திரட்டாதீர்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடுக்க 2019இல் சட்டமே இருக்கிறது. அதே 2019இல் பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் கவிழ்ந்து, ஹலால் லாபம் என்று நம்பிய பல்லாயிரம் குடும்பங்கள் சேமிப்பை இழந்ததை மறக்காதீர்கள். தாடியும் தொப்பியும் தணிக்கை அறிக்கை ஆகாது! மூன்று, மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் வரவு செலவைப் படியுங்கள்.

வர்த்தகப் பெருமக்களே! உங்களிடம் பணத்தைவிட விலைமதிப்புள்ளது ஒன்று இருக்கிறது. எங்கே சரக்கு எடுப்பது, யாருக்குக் கடன் சொல்லக்கூடாது, கணக்கை எப்படி எழுதுவது என்ற அனுபவம் அது. ஆளுக்கு ஓர் இளைஞனை ஓராண்டு உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வசதியுள்ளவர்கள் முளாரபா முறையில் முதல் போடுங்கள். லாபத்தில் பங்கு பேசிக்கொள்ளுங்கள். நேர்மையாக உழைத்தும் நஷ்டம் வந்தால் முதலுக்கு உரியவர் அதை ஏற்க வேண்டும். அதுதான் ஷரீஅத்.

இளைஞர்களே! வட்டி கலக்காத உதவிகளை விட்டுவிடாதீர்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம். விதவைச் சகோதரிகளுக்கும் கைவிடப்பட்டோருக்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. அவர்களுக்காக விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும் சமுதாயப் பணியே.

பித்ராவும் குர்பானி இறைச்சியும் பகிர்ந்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. இந்த வருடம் வாங்கியவர் வரும் வருடம் கொடுப்பவராக வேண்டும். அடுத்த வெள்ளிக்குள் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து பேர் உட்கார்ந்து, தண்டலில் சிக்கியவர்களின் பட்டியலை எடுங்கள். அவர்களுடைய மானம் கெடாமல், வெளியே தெரியாமல் எடுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ். ஹலாலான சம்பாத்தியத்தில் அல்லாஹ் நமக்கு பரகத் செய்வானாக! வஸ்ஸலாம்.