மலைக்கும் அலைக்கும் நடுவே ஒரு கரை



இத்தாலி நாட்டின் வடமேற்கே, பிரான்ஸ் எல்லையில் தொடங்கி வில்லாக வளைந்து வருகிறது லிகூரியக் கடற்கரை. வளைவின் நடுவில் ஜெனோவா துறைமுகம். கிழக்குக் கோடியில் லா ஸ்பெட்சியா. இரண்டு ஊர்களுக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அந்தச் சின்னத் தொலைவில் மக்கள் எப்படிப் போய் வந்தார்கள், இன்று எப்படிப் போய் வருகிறார்கள் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நாட்காட்டிப் படங்களில் இந்தக் கரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செங்குத்தான பாறை, அதைப் பற்றிக்கொண்டு மஞ்சளும் சிவப்புமாய் வீடுகள், கீழே நீலக் கடல், அதில் ஒரு படகு. அந்தப் படகு சுற்றுலாக்காரர்களின் உல்லாசத்துக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஊர்க்காரர்களுக்கு ஒரு காலத்தில் வண்டியும் அதுதான், சந்தைக்குப் போகும் வழியும் அதுதான். மண் சரிந்து சாலை அறுந்துபோன நாட்களில் இன்றைக்கும் அதுதான் கதி.

காரணம் மலை. ஆப்பென்னைன் மலைத்தொடர் அங்கே கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. ரோமர் காலத்துப் பெயரைத் தாங்கிய அவுரேலியா நெடுஞ்சாலை கடலோரமாகவே வந்து, செஸ்த்ரி லெவாந்தே என்ற ஊரைத் தாண்டியதும் கரையைக் கைவிட்டு, பிராக்கோ கணவாய்க்கு ஏறிவிடுகிறது. அதற்கப்பால் கடலோரத்தில் சாலை போட இடமே இல்லை. முன்பு கழுதைப் பாதையும் படகும்தான். 1874இல் ஜெனோவாவிலிருந்து லா ஸ்பெட்சியா வரை ரயில் பாதை முழுமை பெற்ற பிறகுதான் வெளியுலகம் அந்தப் பகுதிக்குள் நுழைந்தது. அந்தப் பாதையும் அங்கே பாதிக்குமேல் மலைக்குள் குடைந்தது. சுரங்கத்தின் இருட்டு, சட்டென்று ஒரு கீற்றுக் கடல், மறுபடி இருட்டு என்றுதான் அந்தப் பயணம் போகும்.

ஜெனோவாவிலிருந்து தொடங்குவோம். முதுகில் மலை இடிக்கிற ஊர் கடலைப் பார்த்துத்தானே பிழைக்க வேண்டும்? பிழைத்தது, பெரிதாகவே பிழைத்தது. துறைமுக வாயிலில் நிற்கும் லான்தெர்னா என்ற கலங்கரை விளக்கம் 1543இல் கட்டியது. 77 மீட்டர் உயரம். இன்றும் ஒளி வீசுகிறது. கொலம்பஸ் பிறந்த ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். நமக்கு நெருக்கமான இன்னொருவரும் அந்த ஊர்க்காரர்தான்: இரோனிமோ தி சாந்தோ ஸ்டெஃபானோ. 1490களில் தோழர் ஒருவருடன் வணிகத்துக்காகப் புறப்பட்ட இவர் எகிப்து, செங்கடல் வழியாகக் கோழிக்கோட்டுக்கு வந்து, இலங்கையைத் தொட்டு, சோழமண்டலக் கரையில் தங்கி, அங்கிருந்து பர்மாவின் பெகு வரைக்கும் போனார். தோழர் பெகுவிலேயே இறந்துபோனார். இவர் தப்பிப் பிழைத்து 1499இல் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. வாஸ்கோ ட காமா கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பே, கைப்பொருளோடு மெல்ல மெல்ல நம் கரைக்கு வந்து சேர்ந்த மனிதர் அவர். பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயர் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

இன்றைய ஜெனோவாவில் நான் வெகுநேரம் நின்று பார்க்கக்கூடிய இடம் பயணிகள் கப்பல் துறை. சார்டீனியா, சிசிலி, துனிஸ் என்று இரவுக் கப்பல்கள் புறப்படும் இடம். கோடை விடுமுறை தொடங்கியதும் வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள் ஐரோப்பிய நகரங்களிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும். காரின் கூரைமேல் மெத்தை, மிதிவண்டி, மூட்டைமேல் மூட்டை, எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். பின் இருக்கையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய ஒரு நாள் கடலில் போனால் துனிஸ். மத்தியதரைக் கடல் என்றதும் விளம்பரங்கள் காட்டும் வெள்ளை உல்லாசப் படகைவிட, ஊருக்குப் போகிற அந்தக் கார் வரிசையே அந்தக் கடலின் உண்மையான முகம் என்பேன்.

ஜெனோவாவை விட்டுக் கிழக்கே ரயிலில் அரை மணியோ முக்கால் மணியோ போனால் கமோலி. இப்போது சின்ன மீனவ ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன ஊராக இருந்தது. ஒருவர் கப்பல் முழுகினால் மற்றவர்கள் சேர்ந்து நஷ்டத்தை ஏற்க, 1853இலேயே கப்பல்காரர்கள் தங்களுக்குள் ஒரு காப்பீட்டுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பாய்க்கப்பல் காலம் முடிந்தது. ஆனால் மீன்பிடிப்பில் ஒரு பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏப்ரலில் ஊருக்குப் பக்கத்துக் கடலில் ஒரு பெரிய நிலைவலையைக் கட்டுவார்கள். தொன்னரெல்லா என்று பெயர். சூரை மீன்களை வழிமறித்து உள்ளறைக்குள் திருப்பிவிடும் வலை அது. அந்த வலையை எதில் முடைகிறார்கள் தெரியுமா? தேங்காய் நாரில்! தென்னையே விளையாத கரையில் தேங்காய் நார் வலை. நார் நீரில் ஊற ஊறப் பாசி பிடித்து, சின்ன மீன்களுக்கு மேய்ச்சல் ஆகிவிடும். பருவம் முடிந்ததும் நார்ப் பகுதியை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். அது அடியில் கிடந்து மட்கிப்போகும். நைலான் வலைத் துண்டுகள் கடலடியை மூடிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், இதைக் கேட்கும் மீனவ நண்பர்கள் இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கமோலியிலிருந்து படகு ஏறினால் அரை மணி நேரத்தில் சான் ஃப்ருத்துவோசோ. இந்த இடத்துக்குச் சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லையென்றால் மலைப்பாதையில் மணிக்கணக்காக நடக்கலாம். குடாவின் வாயில் தெரிகிறவரை அங்கே ஒரு கட்டடம் இருப்பதே தெரியாது. படகு பாறை முனையைச் சுற்றித் திரும்பியதும், காட்டுக்கு அடியில், கடலை ஒட்டி, வளைவு வளைவாக ஒரு பழைய மடம் எழுந்து நிற்கும். ஜெனோவாவின் பெரிய கடற்படைக் குடும்பமான தோரியாக்கள் தங்கள் முன்னோரைக் சாம்பலும் வெளுப்புமான கற்பட்டை போட்ட கல்லறைகளில் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். மடத்துக்கு முன்னால் இன்று எல்லோரும் துண்டை விரித்துப் படுக்கும் கூழாங்கல் கரை, 1915இல் மலையிலிருந்து வந்த வெள்ளம் கொட்டிப்போன கல்லும் மண்ணும். அதற்கு முன் கடல் மடத்தின் வளைவுகள் வரைக்கும் வந்தது. குடாவுக்குள்ளே, சுமார் 17 மீட்டர் ஆழத்தில், இரு கைகளையும் மேலே உயர்த்தி நிற்கும் வெண்கலக் கிறிஸ்து சிலை இருக்கிறது. குயிதோ கல்லெத்தி வடித்தது. 1954இல் இறக்கி வைத்தார்கள். கடலில் உயிர்விட்ட எல்லோருக்குமான நினைவுச் சின்னம்.

சான் ஃப்ருத்துவோசோவைத் தாண்டி அடுத்த முனையைச் சுற்றினால் போர்ட்டோஃபினோ. பணக்காரர்களின் துறை, அதைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். 2018 அக்டோபர் 29ஆம் தேதி இரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று அடித்த புயலில் பக்கத்து ஊரான ரப்பாலோவின் அலைதடுப்புச் சுவர் உடைந்து, விலை உயர்ந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையில் வந்து குவிந்தன. சாந்தா மார்கெரீத்தாவிலிருந்து போர்ட்டோஃபினோவுக்குப் போகும் ஒரே சாலையைக் கடல் பிய்த்துக்கொண்டு போனது. அந்தச் சாலை மறுபடி திறக்க அடுத்த ஆண்டு ஏப்ரல் ஆயிற்று. அதுவரை அந்த ஊரை வெளியோடு சேர்த்துப் பிடித்தவை படகும் மலை ஒற்றையடிப் பாதையும். அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதிதான் ஜெனோவாவின் மொராந்தி மேம்பாலம் இடிந்து 43 பேர் மாண்டார்கள். அதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவின் வடிவமைப்பில் புதிய பாலம் 2020 ஆகஸ்டில் திறந்தது. இரண்டரை மாத இடைவெளியில் ஒரு கரையின் பாலமும் சாலையும் போயின. மலையோரத்தில் கான்கிரீட்டை மட்டும் நம்பி ஒரே வழியை வைத்துக்கொள்வது எத்தனை ஆபத்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்னும் கிழக்கே சிங்க்வே தெர்ரே. ஐந்து ஊர்கள்: மொந்தெரோசோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. மலைச் சரிவு முழுக்கச் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள், அவற்றின் மேல் திராட்சைத் தோட்டங்கள். பறித்த திராட்சையை இறக்குவதற்குச் சரிவில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடுகிறது. ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டும் அந்தப் பொடி வண்டியையும் இந்தக் கரையின் போக்குவரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஐந்தில் ஓரளவு இயற்கைத் துறை அமைந்தது வெர்னாட்சாவுக்குத்தான். மனரோலாவில் படகுகளைப் பாரந்தூக்கி வைத்து நீரிலிருந்து மேலே எடுக்கிறார்கள். ரியோமஜோரேயில் தெருவுக்கே இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். கோர்னீலியா பாறை உச்சியில் இருப்பதால் பயணிகள் படகு அங்கே நிற்பதே இல்லை. ரயிலில் இறங்கினாலும் ஊருக்குள் நடந்து போகச் சுமார் 380 படி ஏற வேண்டும்.

படகு துறை பிடிப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். மத்தியதரைக் கடலின் இந்தப் பகுதியில் கடல் ஏற்ற இறக்கம் ஓர் அடியைத் தாண்டுவது அரிது. அதனால் நூற்றாண்டுப் பழைய கல் துறையே இன்றும் போதுமானதாக இருக்கிறது. தொல்லை அலையால்தான். படகோட்டி முகப்பைத் துறைக்கல்லுக்கு நேரே கொண்டுவந்து, இயந்திரத்தை அணைக்காமல் மெல்ல உந்தியபடியே பிடித்து வைத்திருப்பார். முகப்பிலிருந்து சக்கரம் வைத்த ஒடுக்கமான நடைபலகை இறங்கும். அலை தூக்கினால் பலகை பின்வாங்கும், தாழ்ந்தால் முன்னே வரும். அந்தச் சக்கரம் கல்லில் கரகரவென்று உருண்டுகொண்டே இருக்கும். பலகையின் இரு பக்கமும் நிற்கும் ஆட்கள் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அலையைத்தான் பார்ப்பார்கள். சரியான நொடியில் முழங்கையைப் பிடித்து ஒரே இழுப்பில் இறக்கிவிடுவார்கள். எண்பது வயதுப் பாட்டியும் இறங்குவார், கைக்குழந்தையும் இறங்கும். அந்தக் கைகளின் அனுபவத்துக்கு எந்தச் சான்றிதழும் ஈடில்லை.

தென்மேற்கிலிருந்து வீசும் லிபெச்சோ காற்றுதான் படகோட்டிகளுக்குப் பகை. வடக்கே மலை தடுப்பதால் வாடைக்காற்றுக்கு அவ்வளவாகப் பயமில்லை. தென்மேற்கே தடுக்க எதுவும் கிடையாது, திறந்த கடல். முந்தின நாள் எங்கோ தொலைவில் எழுந்த அலை, பளிச்சென்று வெயில் அடிக்கிற காலையில் வந்து துறையில் மோதும். அன்று படகு ஓடாது. வெளியூர்க்காரர்கள் கோபப்படுவார்கள், இத்தனை வெயிலில் படகு ஏன் இல்லை என்று. வெயிலுக்கும் அலைக்கும் சம்பந்தம் இல்லை என்பதை ஊர்க்காரர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

2011 அக்டோபர் 25ஆம் தேதி பெய்த பேய்மழையில் வெர்னாட்சாவின் நடுத்தெரு முதல் மாடி உயரத்துக்குச் சேற்றில் புதைந்தது. மூவர் இறந்தார்கள். சாலையும் ரயிலும் அறுந்துபோயின. மக்களைக் கடல் வழியாகத்தான் வெளியே கொண்டுபோனார்கள். மலைச் சுவர்களைப் பராமரிக்க ஆள் குறைந்ததும் இந்த அழிவை அதிகமாக்கியது. கற்சுவர் சரிந்த இடத்தில் மழைநீர் வடிய வழியில்லாமல் மண்ணையே அள்ளிக்கொண்டு இறங்குகிறது. சுற்றுலாவில் வரும் பணத்தில் ஒரு பங்கு அந்தச் சுவர்களுக்குப் போயே ஆக வேண்டும் என்று அங்குள்ளவர்கள் கேட்பது முழு நியாயம்.

இப்போது மழையைவிடக் கூட்டம்தான் பெரிய பாரமாகி வருகிறது. லா ஸ்பெட்சியாவில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களிலிருந்து ஒரே காலையில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் ஆயிரம் பேர்கூடக் குடியில்லாத ஊர்களுக்குள் இறங்குகிறார்கள். ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே பாறையில் வெட்டிய காதலர் பாதை, 2012இல் கல் விழுந்து சிலர் காயம்பட்ட பின் மூடிக் கிடந்து, 2024இல்தான் திறந்தது. அதுவும் முன்பதிவோடு, எண்ணி எண்ணித்தான் ஆட்களை விடுகிறார்கள். சரியான முடிவு. படகிலும் ரயிலிலும்கூட அப்படி எண்ண வேண்டிய நாள் தூரத்தில் இல்லை.

உங்களில் யாருக்காவது அங்கே போக வாய்த்தால் சில வார்த்தைகள். கார் எடுக்காதீர்கள், நிறுத்த இடமும் இருக்காது, அந்த ஊர்களுக்கு அது தேவையும் இல்லை. படகுகள் பெரும்பாலும் மார்ச் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் ஓடும். காலையில் துறைக்குப் போய், இன்று படகு உண்டா என்று கேட்ட பிறகு சீட்டு வாங்குங்கள். போகும்போது படகில் போங்கள், திரும்பும்போது ரயிலில் வாருங்கள். மாலையில் காற்று ஏறினாலும் நடுவழியில் சிக்க மாட்டீர்கள். முடிந்தால் ஓர் இரவாவது ஊருக்குள் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே செலவழியுங்கள். சரிந்த கற்சுவர்களை எடுத்துக் கட்டுவதற்கு அந்த ஊர்க்காரர்கள் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். அதற்கு அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும்.